முந்திரிகைச் சாராயமும் தண்ணீர்க் கணக்கும்

நத்தாருக்கு வீட்டில் செய்யும் பழ லிக்கியூருக்கென்று (பழமும் சீனியும் சேர்த்த இனிப்பு மது) நான் வைத்திருக்கும் கொப்பியின் முதல் பக்கத்தில் பழத்தின் பெயர் எதுவும் இல்லை. மூன்று இலக்கங்கள் மட்டும் இருக்கின்றன: 33.5, 40, 20. முதலாவது, இங்கே இலங்கையில் கிடைக்கும் தென்னஞ்சாராயப் போத்தல்களின் லேபிளில் நான் அதிகம் கண்ட மதுசார வீதம். இரண்டாவது வொட்காவின் வீதம். மூன்றாவது, செய்து முடித்த லிக்கியூர் எக்காரணம் கொண்டும் அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று நானே வைத்துக்கொண்ட எல்லை.

இந்த 20 கொஞ்சம் கடுமையான எல்லைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 15 வீத மதுசாரமும் லீட்டருக்கு 100 கிராம் சீனியும் இருந்தாலே பொதுவாக லிக்கியூர் என்று விற்கலாம். ஆனால் அது தொழிற்சாலையில் வடிகட்டி, பழச் சக்கை ஒரு துளியும் இல்லாமல் அடைத்த சரக்கு. எங்கள் போத்தலில் பழத்துண்டு கிடக்கிறது, பழத்தின் தோலில் சாற்றைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான காட்டு ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது, ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேலே நிற்கிறது. பெரும்பாலான ஈஸ்ட் 15 வீதத்தை அண்டும்போதே சோர்ந்துவிடும். சில வகைகள் 18 வரை இழுத்துப் பிடிக்கும். போர்ட் வைனை 19 முதல் 22 வீதத்துக்குள் நிறுத்தி, சீனி இருந்தும் புளிக்காமல் பல ஆண்டு வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே 20.

வெளிநாட்டுச் செய்முறைகளை இங்கே அப்படியே செய்ய முடியாது. இத்தாலியில் எலுமிச்சைத் தோல் லிக்கியூரை 95 வீதத் தூய மதுசாரத்தில் தொடங்குகிறார்கள். அதில் எவ்வளவு பாகு ஊற்றினாலும் இடம் மிஞ்சும். ஜெர்மன் முறையில் பழத்தையும் சீனியையும் பிசிறி, சாறு இறங்கும்வரை வைத்துவிட்டுப் பிறகு மதுவை ஊற்றுகிறார்கள். அவர்களுடைய நிலவறை குளிர்ந்தது. யாழ்ப்பாணத்து இளவாலையில் பழத்தைச் சீனியில் பிசிறி இரவு முழுவதும் வைத்தால் விடியும்போது அது நுரைக்கத் தொடங்கியிருக்கும். போத்தலை யன்னல் வெயிலில் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. எங்கள் வெயில் அதற்கு ஏற்றதல்ல. நிறமும் போய்விடும், மணமும் போய்விடும்.

எனவே இங்கே செய்பவருடைய வேலை முக்கியமாகத் தண்ணீரைக் கணக்குப் பார்ப்பதுதான். பழத்தில் இருக்கும் தண்ணீர், பாகில் இருக்கும் தண்ணீர், கழுவிய பிறகு ஒட்டியிருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மதுவை நீர்க்க வைக்கின்றன. கணக்கு எளிது. மதுவின் அளவை அதன் வீதத்தால் பெருக்கினால் தூய மதுசாரத்தின் அளவு வரும். அதை மொத்தத் திரவத்தின் அளவால் வகுக்க வேண்டும். பழத்தைப் பொதுவாக ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாம். சீனி கரைந்தால் காணாமல் போய்விடும் என்று நினைக்கக்கூடாது. ஒரு கிலோ சீனி கரைந்த பிறகும் ஏறக்குறைய 620 மில்லிலீட்டர் இடத்தைப் பிடிக்கும்.

உதாரணமாக, 750 மில்லி சாராயம் 33.5 வீதம் என்றால் அதில் 251 மில்லி மதுசாரம். அரைக் கிலோ முந்திரிகைப் பழத்தில் (திராட்சை) 400 மில்லி தண்ணீர். இரண்டும் ஊறிச் சமப்பட்டால் 1150 மில்லிக்கு 251, அதாவது 22 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. வடித்து எடுத்த 900 மில்லியில், 150 கிராம் சீனியை 100 மில்லி தண்ணீரில் காய்ச்சிய பாகை ஊற்றினால் 18 வீதத்துக்கு இறங்கிவிடும். அதே வேலையை 40 வீத வொட்காவில் செய்தால் 21.5 வீதத்தில் நிற்கும். செய்முறை ஒன்றுதான், பழமும் ஒன்றுதான். லேபிளில் இருந்த வித்தியாசம் ஒன்றைப் புளிக்கும் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. மதுசாரமானியை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், சீனி கலந்த பிறகு அது பொய் சொல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்தக் கருவி திரவத்தின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. மதுசாரம் அடர்த்தியைக் குறைக்கிறது, சீனி கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் அது காட்டும் இலக்கத்துக்கு அர்த்தமில்லை. வீட்டில் தராசும் அளவுக்குவளையும் கொப்பியும்தான் கருவி.

கொழும்பில் இருக்கும் மச்சான் ஒருவர் இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுச் சிரித்தவர். ஒரு கிலோ வத்தகப்பழச் சதையை அரைப் போத்தல் சாராயத்தில் போட்டு இறுக்கி மூடி, சமையலறைத் தட்டில் வைத்துவிட்டார். வத்தகப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். கணக்குப் போட்டால் பத்து வீதம்கூட இல்லை. கள்ளைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஈஸ்டுக்கு வேண்டிய சீனியும் சூடும் நேரமும் இருந்தன. மூடி பறந்து, சுவரில் தெறித்த சிவப்பைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடி வெடிக்காதது அவருடைய நல்ல காலம். வத்தகப்பழம், பப்பாப்பழம், நன்கு கனிந்த வாழை போன்றவற்றில் புளிப்பும் குறைவு. தண்ணீர் கூடி, புளிப்பும் குறைந்த பழத்தை நான் சாராயத்தில் போடுவதே இல்லை.

இனி முந்திரிகை. மாரி மழை தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்; மழை பட்டால் குலைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். சுன்னாகம் சந்தையில் காலையில் நல்ல குலைகள் கிடைக்கும். லிக்கியூருக்குக் குலையின் அழகு தேவையில்லை. உதிர்ந்த பழம் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். காம்பு கழன்ற இடத்தில் தோல் திறந்திருக்கும், புளிப்பு அங்கேதான் தொடங்கும். எங்கள் பக்கத்து முந்திரிகைத் தோட்டங்களில் பூஞ்சண மருந்து தெளிக்காமல் விளைவிப்பது அரிது. பழத்தில் காணும் வெண்படலம் முழுவதும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. இயற்கையான மெழுகுப் படலமும் உண்டு. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் அப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிக் காற்றாடியின் கீழ் முழுமையாக உலரவிடுகிறேன். இந்த உலர்த்தலுக்குப் பலர் பொறுமை காட்டுவதில்லை. குலையோடு கழுவி ஈரத்தோடு போட்டால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

சாராயத்துக்கு நான் இப்போது வைத்திருக்கும் அளவு: 750 மில்லிக்கு 300 கிராம் பழம், 150 கிராம் சீனி. பாகு இல்லை, சீனியை அப்படியே போடுகிறேன். கணக்கு 23 வீதத்தில் நிற்கும். ஒவ்வொரு பழத்தையும் குறுக்கே இரண்டாக வெட்டுகிறேன். முழுப் பழத்தின் தோலைத் தாண்டி மதுசாரம் உள்ளே போக நாளெடுக்கும். அதுவரை பழத்தின் நடுவில் மதுசாரமே இல்லாத ஒரு துளிச் சாறு சூட்டில் கிடக்கும். மிக்சியில் அடிக்கக் கூடாது. விதை நொருங்கினால் துவர்ப்பு ஏறி, எத்தனை சீனி போட்டாலும் அடங்காது. முதலில் பழம், அதன்மேல் சாராயம், கடைசியாகச் சீனி என்ற ஒழுங்கில் போட்டால், பழம் ஒரு நிமிடம்கூடச் சீனியோடு தனியாக இருக்காது.

பழம் மேலே மிதக்கும். மேலே மிதப்பது காய்ந்து பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். கொதிநீரில் போட்டெடுத்த சிறிய கண்ணாடிக் குவளை ஒன்றை மேலே கவிழ்த்து அழுத்திவைக்கிறேன். நாள்தோறும் போத்தலை ஒருமுறை தலைகீழாகப் புரட்டி நிமிர்த்தினால் சீனியும் கரையும். முதல் வாரத்தில் குமிழி தொடர்ந்து எழுந்தாலோ, மூடியைத் தளர்த்தும்போது காற்றுச் சீறினாலோ, பாண் மாவின் மணம் வந்தாலோ அது ஊறவில்லை, புளிக்கிறது. அந்தப் போத்தலைக் காப்பாற்றப் பாடுபடுவதைவிடக் கொட்டிவிடுவது மலிவு. எதுவும் நடக்கவில்லை என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் பழத்தின் நிறம் வெளுத்து, திரவம் கருஞ்சிவப்பாகும். அதற்குமேல் வைத்தால் விதையின் துவர்ப்புத்தான் கூடும்.

வாசனைக்குச் சிறு கறுவாத் துண்டு போடலாம். எங்கள் நாட்டுக் கறுவாவில் கூமரின் என்ற பொருள் மிகக் குறைவு. தடித்த பட்டையாக வரும் சீனக் கறுவாவில் அது அதிகம், அது ஈரலுக்கு நல்லதல்ல. கராம்பு ஒன்றோ இரண்டோ போதும். மதுசாரம் வாசனைச் சரக்குகளைத் தண்ணீரைவிட மிக வேகமாக உறிஞ்சும். ஒரு கைப்பிடி போட்டால் பல்வலி மருந்தைக் குடிப்பதுபோல் இருக்கும். சாதிக்காயைப் போடவே வேண்டாம் என்பது என் எண்ணம். அது அளவு மிஞ்சினால் நஞ்சு.

முதன்முதலில் அம்மா இதைக் கண்டபோது, "தம்பி, வீட்டுக்குள்ளே கசிப்புக் காய்ச்சப் போகிறாயோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பதும், நொதிக்கவைத்து மது தயாரிப்பதும், விற்பதும் குற்றம். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றுவரை இருக்கிறது. நான் செய்வது வரி கட்டி, அனுமதிபெற்ற கடையில் வாங்கிய போத்தலில் பழத்தை ஊறவைப்பது, அதுவும் வீட்டு மேசைக்கு மட்டும். "ஒரு போத்தல் தா, காசு தருகிறேன்" என்று கேட்கும் நண்பருக்கும் கொடுப்பதில்லை. இதைத் தொழிலாக்கலாமா என்று நினைப்பவர்கள் ஒரு பழத்தை வெட்டும் முன்பே மதுவரித் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்பதும் சட்டப்படி தடை. வீட்டு மேசையிலும் அதே வயதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

கசிப்பு என்ற பேச்சு வந்தாலே மெதனோல் பயமும் வரும். பழத்தை ஊறவைப்பதால் மெதனோல் நஞ்சு உண்டாகிவிடும் என்று பயந்து இதைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். எந்த மதுவானாலும் பழம் போட்டுவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் ஆபத்தானது. உலகெங்கும் கூட்டமாக ஆட்களைக் கொன்ற மெதனோல் நஞ்சு பெரும்பாலும் தொழிற்சாலை மதுசாரத்தைக் கலந்து விற்ற கள்ளச் சரக்கில் வந்தது. அதை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. கரண்டியில் ஊற்றிக் கொளுத்தி நெருப்பின் நிறத்தைப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அல்ல. பழம் அதை உறிஞ்சி எடுத்துவிடாது. குடித்துப் பல மணி நேரம் கழித்து, சிலவேளை மறுநாள்தான் பார்வை மங்கும், மூச்சு வேகமாகும், வயிறு பிரட்டும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் உறங்கி எழும்பட்டும் என்று விடாமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் மருந்து உண்டு. முத்திரை உடையாத போத்தலைத் தவிர வேறெதையும், காயம் துடைக்கும் ஸ்பிரிட்டையும் கைகழுவும் திரவத்தையும் எந்தப் பெயரிலும், இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

பனஞ்சாராயம் கிடைத்தால் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். திக்கத்தில் வடித்த சரக்கைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அதன் மணம் பலமானது. முந்திரிகையின் மெல்லிய மணத்தை விழுங்கிவிடும். தேசிக்காய்த் தோலோடும் பனங்கட்டியோடும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். கள்ளில் பழம் போடுவது வேறு விடயம். கள் ஏற்கெனவே புளித்துக்கொண்டிருப்பது, பழச்சீனியைக் கண்டால் இன்னும் வேகமாகப் புளிக்கும்.

தேசிக்காய்தான் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. தோல் மட்டும் போடுவதால் தண்ணீர் சேர்வதில்லை என்று சொல்லலாம், ஆகவே பாகுக்கு நிறைய இடமுண்டு. 375 மில்லி வொட்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு தேசிக்காயின் பச்சைத் தோல், ஒரு வாரம். பிறகு 200 கிராம் சீனியும் 200 மில்லி தண்ணீரும் காய்ச்சி ஆறவைத்த பாகு. 21 வீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். சாராயத்தில் செய்தால் பாகை 150 கிராம் சீனிக்கு 100 மில்லி தண்ணீர் என்று குறைத்துக்கொள்ளலாம், 22 வீதம் வரும். எங்கள் தேசிக்காயின் தோல் மெல்லியது. கூரான கத்தியால் பச்சையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். பாகை ஊற்றியதும் தெளிவாக இருந்த திரவம் பால்போல் கலங்கும். பயப்பட வேண்டாம். மதுசாரத்தில் கரைந்திருந்த தோலெண்ணெய், தண்ணீர் கூடியதும் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது.

தேசிக்காய் உரித்த கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் முற்றத்து வெயிலில் இறங்கக் கூடாது. அந்தத் தோலெண்ணெயிலும் சாற்றிலும் உள்ள பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும், பிறகு கறுத்த தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். கடையில் வாங்கும் பளபளக்கும் தோடம்பழம் வேறு வகை. அது இறக்குமதியானால் மெழுகு பூசியிருக்கும். கொதிநீரில் ஒருமுறை அமிழ்த்தித் துணியால் தேய்த்த பிறகுதான் அதன் தோல் உதவும்.

ஆனியில் கறுத்தக்கொழும்பான் வந்தபோது மாம்பழத்தையும் பார்த்தேன். போத்தலில் இறங்கும் முன் ஒரு சிறு சோதனை: சின்னக் கண்ணாடிக் குவளையில் நாலு தேக்கரண்டி வொட்கா, அதில் ஒரு தேக்கரண்டி மாம்பழக் கூழ். கொஞ்ச நேரத்தில் கூழ் திரண்டு நூல் நூலாகத் தொங்கியது. பழத்திலுள்ள பெக்டின் என்ற களிப்பொருள் மதுசாரத்தில் கரையாது, திரண்டு வெளியே வரும். பழக்கூழை ஒரு போத்தல் வொட்காவில் கலந்திருந்தால் வடிக்கவும் முடியாத குடிக்கவும் முடியாத களிதான் கிடைத்திருக்கும். எந்தப் புதிய பழத்துக்கும் இந்தக் குவளைச் சோதனை ஒரு வாய் மதுவோடு முடிந்துவிடுகிறது. அதனால் நன்றாகக் கனிய ஒரு நாள் பொறுக்க வேண்டிய, இன்னும் இறுக்கமான பழத்தைத் துண்டாக வெட்டினேன். 375 மில்லி வொட்காவுக்கு 250 கிராம் துண்டு, 60 கிராம் சீனி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கணக்கு 24 வீதத்தைத் தாண்டும். காம்பிலிருந்து வடியும் மாம்பால் தோலில் பட்டால் சிலருக்குப் பொக்களம் போடும். காம்பு வெட்டியதும் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவ வேண்டும். வடிக்கும்போது பிழியக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் நின்றால் களி அடியில் படியும், மேலே உள்ளதை மெல்லிய குழாயால் இறக்கிக்கொள்ளலாம். நிறம் வெளிறிய மஞ்சள்தான். மணம் மட்டும் முழுப் பழம்.

நெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கத்தியோ கறள் பிடித்த மூடியோ பட்டால் நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். கறள் பிடிக்காத உருக்குக் கத்தி, கண்ணாடிப் போத்தல், தேனோ கற்கண்டோ. எனக்கு அது ரசமாக இருப்பதே பிடிக்கும்.

அன்னமுன்னாவை யாரும் போட நினைத்தால், விதை ஒன்றும் உள்ளே விழக்கூடாது, அது நஞ்சு. வெளிநாட்டிலிருந்து வரும் பீச், அப்ரிகொட், செரி போன்றவற்றின் கொட்டைப் பருப்பும் அப்படித்தான். உடைத்தால் சயனைட் வெளிவரும். தமரத்தங்காயைச் சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு எந்த உருவத்திலும் கொடுக்கக் கூடாது, மது இல்லாத சாறாக இருந்தாலும்.

பாகுக்கு எடுக்கும் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கல்சியம் பழப்புளியோடும் பெக்டினோடும் சேர்ந்து, மதுசாரம் உள்ள இடத்தில் இன்னும் எளிதாகப் படிந்து, தெளிந்த லிக்கியூரைச் சில நாளில் மங்கலாக்கும். குடித்தால் கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் நன்றாக இராது. கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளியவைத்த தண்ணீர் ஓரளவு உதவும். போத்தல் தண்ணீர் இன்னும் நல்லது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உர நைத்திரேற்றும் கூடுதல். அது கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கிணற்றுத் தண்ணீரை இதற்கு எடுக்காமல் விட அதுவும் ஒரு காரணம்.

பனங்கட்டிக்கு வேறு கவனம். கருப்பணி (பனையின் இனிப்புச் சாறு) புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கட்டியிலும் இருக்கும், கட்டியை வைக்கும் குட்டானின் ஓலைத் தூசியும் இருக்கும். தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்து, தெளியவிட்டு, துணியில் வடித்து, முழுமையாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். வடிக்கப் பன்னாடை அழகாக இருக்கும், ஆனால் அதன் நார்களுக்குள் பழைய கள்ளின் ஈஸ்ட் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும். கொதிநீரில் அவித்த வெள்ளை வேட்டித் துணி, அதற்குப் பிறகு கோப்பி வடிக்கும் தாள். தாளில் நேரம் எடுக்கும். மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

பாகு ஆறியிருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் சுவை மட்டும் அல்ல. 40 வீத மதுவின் ஆவி ஏறக்குறைய 26 பாகையிலேயே நெருப்புப் பிடிக்கக் கூடியது. எங்கள் சமையலறை காலையில் தொடங்கும்போதே அதைவிடச் சூடு. மதுவை அடுப்பில் வைப்பது ஒருபுறம் இருக்கட்டும், காஸ் அடுப்பு எரியும் அறையில் ஊற்றி வடிப்பதுகூட வேண்டாம். சாமிப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கையும் மூலையில் புகையும் நுளம்புத் திரியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் விறாந்தை மேசையில், பகலில், காற்றோட்டத்தில் செய்கிறேன். சிந்தினால் உடனே ஈரத் துணியால் துடைத்து வெளியே போட்டுவிட வேண்டும்.

பாத்திரம் கண்ணாடி. வடிக்கும்போது சில்வர்ச் சட்டி பரவாயில்லை. அலுமினியத்திலும் பித்தளையிலும் செம்பிலும் புளிப்புள்ள பழத்தை ஊறவைக்கக் கூடாது. இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த வெட்டுப்பூப் போட்ட பாரமான படிகக் குடுவைகள் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. பழைய படிகக் கண்ணாடியில் ஈயம் உண்டு. மது அதில் வாரக்கணக்கில் நின்றால் ஈயம் கரைந்து இறங்கும். விருந்தினர் வரும் மாலையில் ஊற்றி மேசையில் வைக்கலாம், இரவே காலியாக்கிவிட வேண்டும்.

எந்தப் போத்தலில் அடைப்பது என்பதில் நான் மிகவும் கண்டிப்பு. எங்கள் வீடுகளில் நெல்லி ரசமும் சர்பத்தும் வந்த போத்தல்களைக் கழுவி மறுபடி பாவிப்பது வழக்கம். அதே போத்தலில் இனிப்பான சிவப்புத் திரவத்தை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துவிடும். சீனி மதுவின் எரிவை மறைத்துவிடுவதால் பெரியவர்களுக்கே அளவு தெரிவதில்லை. ஆகவே சாராயம் வந்த போத்தலிலேயே அடைத்து, பூட்டிய அலுமாரியில், இருட்டில் வைக்கிறேன். லேபிளில் பழம், மது, மதுசார வீதம், சீனியின் அளவு, அடைத்த மாதம். சீனி அளவை எழுதுவது நீரிழிவு உள்ள மாமாவுக்காக. அவர் படித்துவிட்டு எப்படியும் கேட்பார். நித்திரைக் குளிசை போடுபவருக்கும், நுண்ணுயிர்கொல்லி மருந்து எடுப்பவருக்கும் கொடுப்பதில்லை. ஊற்றும் கிளாஸ் சிறியது, 30 மில்லி. 22 வீத லிக்கியூரில் அதில் 5 கிராமுக்குச் சற்று மேல் மதுசாரம் இருக்கும்.

அடைத்த உடனே குடித்தால் சாராயம் ஒருபக்கம், பழம் ஒருபக்கம் நிற்கும். முந்திரிகைக்கு இரண்டு மாதம் கொடுத்தால் சேர்ந்துவிடும். புரட்டாசியில் போட்டது நத்தாருக்கு ஆயத்தமாக இருக்கும். தேசிக்காய்க்கு அவ்வளவு தேவையில்லை, நாளானால் அதன் பச்சை மணம் மங்கிவிடும். மாம்பழத்தையும் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

வடித்த பிறகு மிஞ்சும் முந்திரிகைப் பழத்தை எறிய மனம் வராது. அதை நத்தார்க் கேக்குக்கு நறுக்கும் உலர்பழத்தோடு சேர்க்கிறேன். அதிலும் போத்தலில் உள்ள அதே வீத மது இருக்கிறது, வேக வைத்தாலும் முழுவதும் ஆவியாகிவிடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் கேக் இரண்டு தட்டுகளாக வேகிறது. அவர்களுடைய தட்டுக்குப் பழத்தைத் தோலகட்டித் துறவிகள் செய்யும் முந்திரிகை ரசத்தில் ஊறவைக்கிறேன். மேசையிலிருந்து விழும் துண்டைப் பொறுக்க முற்றத்து நாய் காத்திருக்கும். முந்திரிகை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மது சேர்ந்தால் இன்னும் மோசம். கேக் நறுக்கும் அன்று அதைக் கட்டிவைத்துவிடுகிறேன்.